இரணைமடுவைச் சுற்றிவர சைக்கிள் பாதை கேட்கும் பிள்ளைகளுக்கு

இது கொஞ்சம் நீளமான பதிவு. பின்னேரத் தேத்தண்ணியோடு இருந்து ஆறுதலாக வாசியுங்கள்.

லீவு நாட்களில் குளக்கட்டுப் பக்கம் போகிறவர்கள் கண்டிருப்பீர்கள். கியர் சைக்கிள், தலைக்கவசம், தூரத்தைக் கணக்குப் பார்க்கும் கைத்தொலைபேசி என்று எங்கள் பொடியள் விடியக் காலையிலேயே ஓட வெளிக்கிடுகிறார்கள். பார்க்கச் சந்தோசமாக இருக்கிறது. அவர்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சேர், இரணைமடுவை ஒரு சுற்றுச் சுற்றிவர எவ்வளவு தூரம்?" நுவரெலியாவுக்குச் சுற்றுலா போய் கிரகறி வாவிக்கரையில் வாடகைச் சைக்கிள் ஓடிவிட்டு வந்த பிள்ளைகளுக்கு, குளம் என்று ஒன்று இருந்தால் அதைச் சுற்றிப் பாதையும் இருக்கத்தான் வேண்டும் என்ற நினைப்பு.

அப்படி ஒரு பாதை எங்களிடம் இல்லை. மலையும் இல்லை, ஏற்றம் என்றால் குளக்கட்டு ஏறுகிற ஏற்றம்தான். வடக்கே கட்டு இருக்கிறது. மேற்கே, குளத்துக்குச் சற்றுத் தள்ளி, ஏ-9 வீதி. தெற்கும் கிழக்கும் காடு. பாலை, முதிரை, வீரை நிற்கும் காடு, யானை திரியும் காடு. கிழக்குக் காட்டுக்குள் போர்க்காலத்தில் வெட்டிய ஓடுபாதை இருக்கிறது. 2009 ஜனவரியில் படையினர் அதைக் கைப்பற்றினார்கள், இப்போது அது விமானப்படையின் இடம். ஆகவே கரையோடு ஒட்டி ஒரு வட்டம் அடிக்க முடியாது.

ஆனால் பெரிய வட்டம் ஒன்று இருக்கிறது. கிளிநொச்சியிலிருந்து ஏ-9 ஆல் தெற்கே இரணைமடுச் சந்தி, முறிகண்டி, கொக்காவில், மாங்குளம். அங்கே இடப்பக்கம் திரும்பி ஏ-34 ஆல் ஒட்டுசுட்டான். அங்கிருந்து வடக்கே புதுக்குடியிருப்பு. பிறகு ஏ-35 ஆல் மேற்கே விசுவமடு, தர்மபுரம், பரந்தன். திரும்பக் கிளிநொச்சி. நூறு கிலோமீற்றர் அளவில் வரும். காடும் குளமும் அவ்வளவும் இந்த வட்டத்துக்குள் அடங்கும். இதைத்தான் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புகிறோம். சொல்லும்போது ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கதை வாய்க்குள் வந்து நிற்கிறது. அதை எழுதி வைக்கத்தான் இந்தப் பதிவு.

முதலில் குளம். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டியது. இரணை என்றால் இரட்டை. இரண்டு மடுக்கள் சேர்ந்து ஒன்றானதால் இரணைமடு. வெள்ளைக்காரர் காலத்தில், 1902இல் வேலை தொடங்கி 1920இல் முடித்தார்கள். பதினெட்டு வருட வேலை. பிறகு பல தடவை கட்டை உயர்த்தி வந்தார்கள். கடைசியாக நடந்த திருத்தத்தில் நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியானது, கொள்ளளவு 119,500 ஏக்கர் அடியானது. அந்தத் திருத்தம் முடிந்து திறந்து வைத்த 2018 டிசம்பரிலேயே பெருவெள்ளமும் வந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

சைக்கிளும் ஏறக்குறைய இதே வயதுக்காரன். இரண்டு சக்கரமும் ஒரே அளவாய், பின்சக்கரத்துக்குச் செயின் போட்டு நாங்கள் இன்று ஓடுகிற மாதிரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது இங்கிலாந்தில் ஸ்ராலி என்பவரின் ரோவர் சைக்கிள், 1885இல். எங்கள் அப்பாமார் "ரலி" என்று செல்லமாய்ச் சொல்லும் கம்பனி நொட்டிங்காமில் 1888இல் தொடங்கியது. குளம் கட்டி முடிந்தபோது சைக்கிள் சாதாரண மனிதன் வாங்கக்கூடிய சாமானாக மாறிக்கொண்டிருந்தது.

குளத்தைக் கட்டிவிட்டார்கள், விதைக்க ஆள் வேண்டுமே. 1935இல் காணி அபிவிருத்திச் சட்டம் வந்தது. அடுத்த வருடம் 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம். யாழ்ப்பாணத்தில் காணி போதாமல் நெருக்குப்பட்டவர்கள் இங்கே காடு வெட்ட வந்தார்கள். பின்னர் வட்டக்கச்சி, இராமநாதபுரம் என்று குளத்தின் வலதுகரைப் பக்கமும் ஊர்கள் விரிந்தன. 58, 77, 83 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் தர்மபுரம், விசுவமடுப் பக்கம் இருந்தன. அது வேறு கதை, தனியாக எழுத வேண்டிய கதை.

இந்த ஊர்களின் பாதைகளைக் கவனித்துப் பாருங்கள். பழைய கிராமத்துப் பாதை வளைந்து நெளிந்து கோயிலுக்கும் கிணற்றடிக்கும் போகும். எங்கள் பாதை நேர்கோடு, ஏனென்றால் அது வாய்க்காலோடு போகிறது. உருத்திரபுரம் பக்கம் டி-8, டி-10 என்று ஊருக்குப் பெயர் சொல்கிறோமே, அவை வாய்க்கால் இலக்கங்கள். கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்றால் மைல்கல். வெளியூர் ஆட்கள் சிரிப்பார்கள், "இலக்கத்தில ஊரா?" என்று. கடிதம் சரியாக வந்து சேரும்.

வாய்க்கால் வரம்பில் பஸ் வராது. மாட்டு வண்டிக்கு வழி கொஞ்சம் கிடைக்கும். சைக்கிளுக்கு முழுவழி. வயலுக்கு மண்வெட்டி, சந்தைக்கு மரக்கறி, மில்லுக்கு நெல்லு மூட்டை, பாடசாலைக்கு முன்பாரில் ஒன்று கரியலில் ஒன்றாகப் பிள்ளைகள் என்று எல்லாம் அதில்தான். மீன்காரர் பெட்டியைக் கரியலில் கட்டி, ரப்பர் ஹோர்னை அமத்திக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வருவார். கடற்கரையில் விடிய வலை வளைத்த மீன் மத்தியானச் சட்டிக்கு வருவது சைக்கிளால்தான். எங்கள் ஆட்களில் பலருக்கு அது தொழில். நாச்சிக்குடாவிலிருந்து மீன், தண்ணீரூற்று, நீராவிப்பிட்டிப் பக்கத்திலிருந்து புடைவையும் சில்லறைச் சாமானும் என்று முஸ்லிம் வியாபாரியின் சைக்கிள் போகாத குடியேற்றம் இல்லை. வீட்டுக்காரம்மா, "நானா, போன கிழமைக் காசு அடுத்த அறுவடைக்கு" என்பார். அவரும் தலையாட்டிவிட்டுப் போவார். கொப்பியில் எழுதியது பாதி, மனதில் எழுதியது பாதி.

சைக்கிளுக்கு லைசன்ஸ் இருந்த காலம் இது. வருடா வருடம் சபையில் காசு கட்டி ஒரு தகரத் துண்டு வாங்கிப் பூட்ட வேண்டும். லைற் இல்லாமல் ஓடினால் பொலிஸ், டபிள் ஏற்றினால் பொலிஸ்.

எழுபதுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1970க்கும் 77க்கும் இடையில் இறக்குமதி இறுக்கப்பட்டபோது செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை. முத்தையன்கட்டு, விசுவமடு ஆகிய இடங்களில் படித்த வாலிபர் திட்டம் என்று இளைஞர்களுக்குக் காணி கொடுத்து மிளகாய் போட வைத்தார்கள். நூறு கிலோமீற்றர் வட்டத்தின் கிழக்குத் துண்டில் நீங்கள் ஓடிக் கடப்பது அந்தத் திட்டத்துக் காணிகளைத்தான். இறக்குமதித் தடையால் மிளகாய்க்காரர் வாழ்ந்தார்கள். சைக்கிளுக்கு உதிரிப்பாகம் தேடியவர்கள்பட்ட பாடு வேறு.

1990 ஜூனில் மீண்டும் சண்டை தொடங்கியது. பெற்றோல், டீசல், பற்றரி, யூரியா, சீமெந்து எல்லாவற்றுக்கும் தடை அல்லது கட்டுப்பாடு. ரயில் நின்றது. பிறகு பார்த்தால் வன்னியில் நம்பி ஏறக்கூடிய வாகனம் ஒன்றுதான் மிச்சம். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கறுத்த புகை, காது அடைக்கும் சத்தம். மண்ணெண்ணெய் அகப்படாதவன் மிதித்தான். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் மிதித்துத்தான்.

பற்றரி இல்லாத வீட்டில் வானொலி எப்படிக் கேட்டார்கள் என்று இன்றைய பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், சொல்லத் தெரியாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவில் கொழுவி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் சுற்றிவர இருந்து பிபிசி தமிழோசை கேட்டார்கள். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் களைக்கும். விஞ்ஞான பாடத்தில் டைனமோ படிப்பிக்கும்போது நாங்கள் இந்தக் கதையைச் சொல்லித்தான் தொடங்குவோம். புத்தகத்துப் படத்தைவிட இது பிள்ளைகளின் மனதில் நிற்கிறது.

ஆனையிறவில் இராணுவ முகாம். ஆகவே ஏ-9 யாழ்ப்பாணம் வரை போகாது. கொம்படி–ஊரியான் பாதை என்று ஒன்று உருவானது. களப்பின் ஆழம் குறைந்த இடத்தால் தண்ணீருக்குள் இறங்கி, சைக்கிளைத் தள்ளி, சில இடத்தில் தூக்கித் தோளில் வைத்து இந்தக் கரை ஏறினார்கள். பின்னர் அதுவும் முடியாமல் கிளாலியிலிருந்து வள்ளம். வள்ளத்திலும் ஆட்களுக்கு நடுவே சைக்கிள். கரை ஏறிய பிறகு கிளிநொச்சி, முறிகண்டி, மாங்குளம் என்று வவுனியாவுக்கு வடக்கே தாண்டிக்குளம் வரை மிதி. கொழும்புக்குப் போகிற மாணவன், பென்சன் அலுவலாகப் போகிற கிழவர், சோப்பும் நெருப்புப்பெட்டியும் கொண்டுவரப் போகிற வியாபாரி எல்லோரும் ஒரே பாதையில். முறிகண்டிப் பிள்ளையாருக்கு முன்னால் எந்த மதத்துச் சாரதியும் நிறுத்துவது எங்கள் நாட்டு வழக்கம். அந்த வருடங்களில் அங்கே நின்றவற்றில் அதிகம் சைக்கிள்.

வியட்னாமில் 1954இல் தியன் பியன் பூ சண்டைக்கு மலைக்காடுகளுக்குள்ளால் சைக்கிள்களில்தான் அரிசியும் தளபாடமும் தள்ளிப் போனார்கள் என்று வரலாற்றில் படிப்பிக்கிறோம். ஹான்டிலில் ஒரு தடி, சீற் பக்கம் ஒரு தடி கட்டி, ஏறி ஓடாமல் பக்கத்தில் நடந்து தள்ளுவார்கள். ஒரு சைக்கிளில் 200 கிலோவுக்கு மேல் போகும். அதை வாசிக்கிற வன்னிப் பிள்ளைக்கு ஆச்சரியமே வராது. விறகுச் சைக்கிளைத் தினமும் காண்கிற பிள்ளை.

இனி எங்களுக்கு எழுதக் கஷ்டமான இடம். 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களிலும் அதே நாட்களில். ஏறக்குறைய 75,000 பேர். கொஞ்சக் காசு, கொஞ்ச உடுப்பு, அவ்வளவுதான் கொண்டுபோக விட்டார்கள். மன்னார்ப் பக்கத்தவர் கடலால் கற்பிட்டிக்கு. இந்தப் பக்கத்தவர் தெற்கே வவுனியாவுக்கு, காடு கடந்து, பெரும்பாலோர் நடந்து. முடிவில் அதிகமானோர் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில்.

சைக்கிள்கள் இங்கேயே நின்றுவிட்டன. கடன் கொப்பிகளும்தான். நகையையும் காணியையும் பற்றி எங்கள் மூத்தவர்கள் ஒரு தடவை சொல்வார்கள், பிறகு விட்டுவிடுவார்கள். சைக்கிளைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். எந்தக் கம்பனி, என்ன நிறம், செயின்கவரில் என்ன எழுதியிருந்தது, எந்த மரத்தில் சாத்திவிட்டு வந்தது என்று எல்லாம். தொழிலும் அதுதான், ஊரும் அதுதான் என்று இருந்தவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். ஏ-9 இன் தெற்குத் துண்டு எங்கள் ஆட்களுக்கு நினைவில் இருப்பது அந்த நடையால்.

அதற்குச் சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30, வலிகாமத்து மக்கள் முழுப்பேரும் ஓர் இரவில் வெளிக்கிட்டார்கள். மழை. நாவற்குழிப் பாலத்தில் நகர முடியாத நெரிசல். அவர்களில் ஏராளமானோர் கிளாலி கடந்து இங்கே வந்தார்கள். அப்போதும் சைக்கிள்தான் வீடு: முன்னுக்கு அரிசி, பின்னுக்குப் பாட்டி, ஹான்டிலில் வாளி. திகதியின் இந்தப் பொருத்தத்தை எங்கள் தமிழ் நண்பர்களிடம் சொன்னால் சிலர் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். ஒப்பிட்டுப் பெரிது சிறிது பார்க்க நாங்கள் சொல்வதில்லை. ஒரே நாட்காட்டித் தாளில் இரண்டும் கிடக்கிறது என்று மட்டும் சொல்கிறோம்.

1996இல் சத்ஜெய நடவடிக்கை. கிளிநொச்சி நகரம் படைகளிடம் போனது, 1998 செப்டெம்பர் வரை. மக்கள் மேற்கே அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கமும் கிழக்கே தர்மபுரம், விசுவமடுப் பக்கமுமாகப் பிரிந்தார்கள். இடையில் இருந்த ஏ-9 துண்டு போர்முனை. குளத்தின் தெற்குக் காட்டுப் பாதைகளுக்கு அப்போதுதான் வேலை வந்தது. விறகுக்கும் தேனுக்கும் பாலைப்பழத்துக்கும் போன ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிள் தடம் விழுந்தது. இன்று அவற்றில் பெரும்பகுதியைக் காடு திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டது.

2002இல் பாதை திறந்தது. அந்த ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில் முஸ்லிம்களை வெளியேற்றியது தவறு என்று சொன்னார்கள். எங்கள் ஆட்கள் சிலர் வந்து வளவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பார்த்துவிட்டுத்தான் போனார்கள், 2006 ஓகஸ்டில் ஏ-9 மறுபடி மூடிவிட்டது.

பிறகு 2008, 2009. வட்டத்தின் வடக்குத் துண்டு, பரந்தனிலிருந்து கிழக்கே போகும் ஏ-35. கிளிநொச்சி 2009 ஜனவரி 2ஆம் திகதி விழுந்தது. அதற்கு முன்பே சனம் அந்த வீதியில். தர்மபுரத்தில் கொஞ்ச நாள், விசுவமடுவில் கொஞ்ச நாள், புதுக்குடியிருப்பில் கொஞ்ச நாள், பிறகு முள்ளிவாய்க்கால். அந்தக் காலத்தில் நாங்கள் அங்கே இல்லை. அதை அனுபவித்தவர்கள் எங்களோடு ஒரே ஆசிரியர் அறையில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லாத இடத்தில் நாங்கள் சொல்லப் போவதில்லை. சைக்கிளைப் பற்றி மட்டும் சொல்கிறோம். காயப்பட்டவரைச் சைக்கிளில் வைத்துத் தள்ளினார்கள். கடைசியில் அதையும் போட்டுவிட்டுத்தான் தண்ணீரைக் கடந்தார்கள். சண்டை முடிந்த பிறகு அந்தப் பக்கம் குவியல் குவியலாகத் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களின் படங்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் கடைசிச் சாமான்.

மீள்குடியேறிய மக்களுக்கு இந்திய அரசு 10,000 சைக்கிள் கொடுத்தது. வீட்டுத்திட்டத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வீடு எழும்ப வருடக்கணக்கு ஆனது, சைக்கிள் அடுத்த நாளே வேலைக்குப் போனது. எங்கள் ஆட்களும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தார்கள், வந்தவர்கள் முதலில் வாங்கியதும் அதுதான். சில வீட்டு வாசலில் பழைய கடனை நினைத்து வைத்திருந்து கொடுத்த அம்மாமாரும் இருந்தார்கள். எத்தனை பேர் என்று கேட்காதீர்கள், இருந்தார்கள்.

இப்போது பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம். ஊரில் சைக்கிள் சுற்றுலாப் பாதை, பெயர்ப்பலகை என்று பேச்சு வரும்போதெல்லாம் பறவை, குளம், அஸ்தமனம் என்றுதான் பட்டியல் போகிறது. நல்லதுதான், செங்கால் நாரையைப் பார்க்க நாங்களும் போகிறோம். ஆனால் இந்த நூறு கிலோமீற்றரில் ஒரேயொரு இடத்தில்தான் பழைய கல் நின்று பேசியது: ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடுவில், 1803 ஒக்டோபர் 31இல் பண்டாரவன்னியனைக் கப்டன் வொன் டிரிபேர்க் தோற்கடித்தான் என்று வெள்ளைக்காரன் வைத்த கல். வென்றவன் வைத்த கல். அதற்குப் பிறகு இந்த வட்டத்தில் நடந்து போனவர்களுக்கும் மிதித்துப் போனவர்களுக்கும் கல் இல்லை. பலகை வைக்கிற நாள் வந்தால், ஊரியான் பக்கத்துக்கு ஒன்று, முறிகண்டிக்குத் தெற்கே ஒன்று, தர்மபுரத்துக்குக் கிழக்கே ஒன்று என்று மூன்றையும் ஒரே நாளில், ஒரே அளவு எழுத்தில் வைக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி. ஒன்றை வைத்துவிட்டு மற்றதைப் பிறகு பார்ப்போம் என்றால் அந்தப் பிறகு வராது. (கட்சி என்றதும் அரசியல் என்று நினைக்காதீர்கள். சைக்கிள் சின்னத்துக்காரர் தமிழ்க் காங்கிரஸ் காலத்திலிருந்தே இருக்கிறார்கள், அவர்கள் வேறு.)

ஓட வெளிக்கிடுகிறவர்களுக்கு: சுபஹு நேரம் கிளம்பினால் வெயிலுக்கு முன் மாங்குளம் போய்விடலாம். ஏ-9 இல் பஸ்காரர் பாதை விடமாட்டார்கள், வெள்ளைக்கோட்டுக்கு வெளியே ஓடுங்கள். தண்ணீர் இரண்டு போத்தலாவது கொண்டு போங்கள். டியூப் ஒட்டுகிற சோலேசனும் பம்மும் ஒருவரிடமாவது இருக்கட்டும். பொழுதுபடும் நேரம் காட்டு வீதியில் நிற்க வேண்டாம், யானைக்கு ஹெல்மெட் தெரியாது. நூறு கிலோமீற்றர் முடியாத சின்னவர்களுக்குச் சின்ன வட்டம் ஒன்று இருக்கிறது: இரணைமடுச் சந்தி, கனகாம்பிகை அம்மன் கோயிலடி, குளக்கட்டு, வட்டக்கச்சி, இராமநாதபுரம், தர்மபுரம், பரந்தன். சிறுபோகம் பச்சையாக நிற்கும் காலத்தில் போனால் வாய்க்கால் ஓரம் முழுக்கக் காற்று.

பெரியவர்களிடம் ஒரு உதவி. உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் பழைய சைக்கிள் லைசன்ஸ் தகரம், டைனமோ, அந்தக் காலத்து வியாபாரியின் கடன் கொப்பி ஏதாவது கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். ஒரு படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். யாருடையது, எந்த வருடம், எந்தப் பாதை என்று இரண்டு வரி எழுதினால் போதும்.